கடல் இல்லாத ஊவாவும் கடலோரப் பறவைகளும்

இலங்கையின் 9 மாகாணங்களில் 4க்குக் கடற்கரை கிடையாது. அவற்றுள் ஒன்று நமது ஊவா. பொத்துவில் பிள்ளை நடக்கப் பழகுவதே கடற்கரை மணலில். பதுளைப் பிள்ளை கடலைப் பார்ப்பது பாடசாலைச் சுற்றுலாவில். ஆகவே வலசைப் பறவைகள், கடலாமைகள், திமிங்கிலங்கள் என்று பேச்செடுத்தால், 'அதெல்லாம் கரையோரத்து ஆட்கள்ட விஷயம்' என்று நம்மவர் ஒதுங்கிவிடுவதுண்டு. இந்த எண்ணம் சரியல்ல என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். கரைக்குப் போகும் பறவைகளில் ஒரு பகுதி நமது தேயிலை மலைகளிலேயே மாரியைக் கழிக்கிறது. கரையைச் சேரும் தண்ணீரில் பெரும் பங்கு நமது மலைகளிலிருந்தே இறங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கரையில் நடப்பது விளங்கும்.

பதுளை மாவட்டத்துப் பாடசாலைகளில், பெரும்பாலும் தோட்டப் பகுதிகளில், நீண்ட காலம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பறவை நூல்களை வாசிக்க முன்னரே அவற்றின் பெயர்களைப் பிள்ளைகளின் வாயிலிருந்து படித்துக்கொண்டேன். பத்திருபது ஆண்டுகளாக ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வருகிறேன். இதிலுள்ளவற்றில் ஒரு பகுதி அந்தக் கொப்பியிலிருந்தும், மற்றது அறிஞர்கள் செய்த ஆய்வுகளிலிருந்தும் வருகிறது.

வசந்தம் யாருடையது?

நம் நாட்டில் வசந்தம் என்று தனியான ஒரு காலம் இல்லை. ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் 'வசந்த காலம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அது வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பழக்கம். உண்மையான வசந்தம் இமயத்திலும் மொங்கோலியாவிலும் சைபீரியாவிலும்தான் வருகிறது. அது வரப்போகிறது என்ற செய்தி நமக்கு எட்டுவது பறவைகள் மூலமாக. பெப்ரவரி கடைசியிலிருந்து மே தொடக்கம் வரை அவை ஒவ்வொன்றாக நம் மலைகளை விட்டு நீங்குகின்றன.

இங்கே குளிரோ பனியோ இல்லாத இடத்தில், 'இனிக் கிளம்பலாம்' என்பது அவற்றுக்கு எப்படித் தெரிகிறது? பகலின் நீளம் மாறுவதைக் கொண்டு என்று பாடநூல்கள் சொல்லும். வடக்கே இது பொருந்தும். ஆனால் பதுளை பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 7 பாகை அளவில்தான் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் இங்கே ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. பறவைகளின் உடலுக்குள்ளேயே ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒரு சுற்று ஓடும் உள்மணிக்கூடு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளிச்சம் மாறாத கூண்டில் அடைத்து வைத்த வலசைப் பறவைகளும் காலம் வந்ததும் கொழுப்புச் சேர்க்கத் தொடங்கின. இரவில் அமைதியிழந்து சிறகடித்தன. பகலின் நீளம் அந்த மணிக்கூட்டைச் சரிசெய்யும் திறப்பு மட்டுமே. வழி காண்பதற்குச் சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் ஆகிய மூன்றும் உதவுகின்றன.

மத்திய ஆசிய வலசைப் பாதை என்று சொல்லப்படும் பெரும் வான்வழியின் தெற்கு முனை நமது தீவு. இதற்கு அப்பால் தென்துருவம் வரை நிலமில்லை. சைபீரியாவிலிருந்து வரும் பறவைக்கு இலங்கை வழியிலுள்ள தங்குமடமல்ல, பயணத்தின் கடைசித் தரிப்பிடம். இங்கே இடம் கெட்டுப்போனால் அடுத்த ஊருக்குப் போகலாம் என்ற வசதி அதற்கில்லை.

தேயிலை மலையின் விருந்தாளிகள்

முதலில் வருவது சாம்பல் வாலாட்டி. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள்; நீண்ட வால் ஓயாமல் மேலும் கீழும் ஆடும். செப்டெம்பரில் தோட்டத்து ஓடைகளிலும் பீலிக்கரைகளிலும் ஒவ்வொன்றாக வந்திறங்கும். ஹாலிஎலப் பக்கத்தில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "சேர், பீலிக்கு வாலாட்டி வந்திருச்சி. இனி மழ ஆரம்பிச்சிரும், வெறகு ஒதுக்கணும்." அவர் சொன்னதில் பிழையில்லை. வாலாட்டி வந்த சில கிழமைகளில் ஊவாவுக்கு மழை தரும் காலம் தொடங்கிவிடும்.

இதன் உறவினன் கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் இடமும் வலமுமாக அசைக்கும். கிழக்கு ஆசியாவில், சீனா, கொரியா, சைபீரியாவின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் கூடு கட்டுவது. நிழல் மரத்தடியில் சருகு கிடக்கும் இடங்களில் நடந்து திரியும்.

பழுப்புக் கீச்சான் கண்ணில் கறுப்புப் பட்டி கட்டிய கள்ளனைப் போலிருக்கும். வந்த கிழமையில் தன் எல்லையைப் பிடிப்பதற்காக ஓயாமல் கத்தும். தேயிலைச் செடியின் உச்சியிலோ வேலிக் கம்பியிலோ தனியாக உட்கார்ந்திருப்பதைக் காணலாம். தேயிலையின் பூச்சிகளை இது எவ்வளவு தின்கிறது என்று எந்தத் துரையும் கணக்குப் பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதிகம் கவனிக்க வேண்டியது காஷ்மீர் ஈப்பிடிப்பான். ஆண் பறவையின் நெஞ்சு நெருப்புச் சிவப்பு; அதன் ஓரத்தில் கறுப்புக் கரை. காஷ்மீரையும் அதை அடுத்த மலைகளையும் விட்டால் வேறெங்கும் இது குஞ்சு பொரிப்பதில்லை. மாரியைக் கழிப்பதும் இலங்கையின் மலைநாட்டிலும் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மட்டும்தான். அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்ற பறவை இது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இதைக் காண்பதற்கென்றே வெளிநாட்டார் வருகிறார்கள். வெலிமடையிலிருந்து நுவரெலியா போகும் வழியிலுள்ள ஹக்கல தோட்டத்திலும் காணலாம். நம் பிள்ளைகள் அந்த வழியால் எத்தனையோ தடவை போய் வந்திருப்பார்கள்.

இவை எல்லாவற்றிலும் நம் வீடுகளுக்கு மிக நெருங்கியது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு. பச்சை, நீலம், மஞ்சட்பழுப்பு, கறுப்பு, வெள்ளை, வாலடியில் குங்குமச் சிவப்பு என்று உடம்பு முழுக்க நிறம். வடக்கு, மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் குஞ்சு பொரித்து, ஒக்டோபரளவில் இங்கு வந்து, ஏப்ரல், மே மாதங்களில் திரும்பும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீட்டி அடிப்பதால் அந்தப் பெயர். சிங்களத்தில் இதற்கு 'அவிச்சியா' என்று பெயர்; தன் ஆடையை மயில் திருடிக்கொண்டது என்று இது அழுவதாக ஒரு கிராமியக் கதை உண்டு. நம் வீடுகளில் இது சுபஹுக்கும் மஃரிபுக்கும் வாங்கு சொல்லும் குருவி. 2025 மார்ச்சில் ரமழான் வந்தபோது, நோன்பு திறக்கக் காத்திருந்த நேரமும் இதன் சீட்டியும் ஒன்றாக அமைந்தன. நமது மாதங்கள் பிறையோடு நகர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முந்தும். குருவியோ சூரியக் கணக்கை விடாது. சில ஆண்டுகளில் அதன் பயணம் ரமழானில் விழும், சில ஆண்டுகளில் ஹஜ்ஜுக் காலத்தில் விழும். 'போன நோன்புக்கு முந்திப் பார்த்தேன்' என்று சொல்வதால் பறவைக் கணக்குக்குப் பயனில்லை. ஆங்கிலத் திகதியும் வேண்டும்.

ஒக்டோபரில் வந்து சேரும்போது இக்குருவி களைத்து, இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு மயங்கி, வீட்டுச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுவதுண்டு. அப்படிக் கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காற்றோட்டமுள்ள ஒரு கடதாசிப் பெட்டியில் வைத்து, இருட்டான, பூனை அண்டாத இடத்தில் சில மணித்தியாலம் விட்டுவிட்டால் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும். பின்னர் செடிகள் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தால் போதும்.

ஆறுகள் இறங்கும் திசை

அப்புத்தளைக்கு மேலே லிப்டன் ஆசனம் என்ற உச்சியில் வானம் வெளுத்த காலையில் நின்றால், தெற்கே கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கும் நமக்கும் இடையிலுள்ள தொடர்பு வெறும் காட்சியல்ல. ஊவாவின் மலைகளிலிருந்து ஆறுகள் நாலாபுறமும் கடலுக்கு இறங்குகின்றன.

பதுளை நகரைச் சுற்றி ஓடும் பதுளு ஓயா துன்ஹிந்தையில் 64 மீற்றர் விழுந்து, வடக்கே சென்று மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி, மூதூரருகே கொட்டியாரக் குடாவில் கடலை அடைகிறது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கும் கல்லோயா, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. கும்புக்கன் ஓயா மொனராகலை வழியாகக் குமணைக்குப் போகிறது. பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் தொடங்கும் கிரிந்தி ஓயா, எல்ல இடைவெளி வழியாக வெல்லவாயவுக்கு இறங்கி, தெற்குக் கரையை அடைகிறது.

கண்டி இராச்சிய காலத்தில் நம் முன்னோர் தவளம் மாடுகளில் கிழக்குக் கரையின் உப்பையும் கருவாட்டையும் ஊவாவுக்கு ஏற்றி வந்தார்கள். பாக்கும் மலைச்சரக்கும் இறங்கின. கரையும் மலையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்த காலம் அது. ஆறுகள் அந்தக் கணக்கை இன்னும் மூடவில்லை.

இதற்கு ஒரு பாடமாக நிற்பது புந்தலை. ஹம்பாந்தோட்டைக் கரையிலுள்ள இந்த ஈரநிலம், 1990இல் ராம்சார் சாசனத்தின்கீழ் இலங்கையிலிருந்து சேர்க்கப்பட்ட முதலாவது இடம். பூநாரைக் கூட்டங்களுக்குப் பேர்போனது. 1980களில் கிரிந்தி ஓயாவை மறித்து லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. வரண்ட நிலத்தில் வயல் விளைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. இதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வயலிலிருந்து வடிந்த மிகைநீர், எம்பிலிக்கலை, மலல ஆகிய இரு களப்புகளுக்குள் போய்ச் சேர்ந்தது. உப்புக் களப்பு உப்புக் குறைந்து நன்னீர்ப் பக்கம் மாறியது. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் வடித்துத் தின்னும் சிற்றுயிர்கள் உவர்நீரில் பெருகுபவை, அவை குறைந்தன. பூநாரைகளின் பெருங் கூட்டங்களும் அங்கிருந்து விலகின. இன்று பூநாரை பார்க்க விரும்புகிறவர் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறார்.

யாரும் பூநாரையைச் சுடவில்லை, களப்பை மூடவுமில்லை. மேலே ஓர் ஆற்றின் ஓட்டம் மாறியது, கீழே ஒரு பறவைக் கூட்டம் இடம் மாறியது. மலையில் இருக்கும் நாம் இதிலிருந்து படிக்க வேண்டியது நிறைய உண்டு. தோட்டத்தில் அடிக்கும் களைநாசினி, ஆற்றங்கரையில் கொட்டும் பொலித்தீன், சரிவில் காடு வெட்டியதால் கழுவுண்டு போகும் மண், இவற்றுக்கெல்லாம் முடிவிடம் ஒரு களப்போ கழிமுகமோதான். பதுளு ஓயாவில் நாம் எறியும் 'ஷொப்பிங் பேக்' நம் கண்ணைவிட்டு மறைகிறது. மகாவலி அதை மறப்பதில்லை.

குமணையும் பாணமைக் கரையும்

நமக்கு மிக அண்மையான கடலோரப் பறவைக் கூடம் குமணை. மொனராகலையிலிருந்து பொத்துவில், அறுகம்குடா, பாணமை வழியாக உகந்தைக்குப் போனால் நுழைவாயில் வரும். 1938இல் பறவைச் சரணாலயமாக்கப்பட்ட இடம். போர்க் காலத்தில் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. 2004இல் கடற்கோள் தாக்கியது. 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குமண வில்லு எனப்படும் ஏறத்தாழ 200 ஹெக்டேயர் சதுப்பில், மே, ஜூன் மாதங்களில் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கொக்கு வகைகள் திரளாகக் கூடு கட்டுகின்றன. வடநாட்டு விருந்தாளிகள் விடைபெற்ற உடனே உள்ளூர்க்காரரின் கலியாண காலம் தொடங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். வில்லுக்குத் தண்ணீர் தருவது நம் மாகாணத்திலிருந்து போகும் கும்புக்கன் ஓயா.

அந்தக் கரைப் பக்கமே கடலாமைகளின் இடமும் ஆகும். உலகின் 7 வகைக் கடலாமைகளில் 5 வகை இலங்கைக் கரையேறி முட்டையிடுகின்றன. முட்டையெடுப்பதும் இறைச்சிக்குப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். இரவில் கரையில் விளக்கடித்தால் தாய் ஆமை திரும்பிப் போகும். குஞ்சுகள் வெளிச்சம் நோக்கி நடந்து கடலைத் தவறவிடும். அறுகம்குடாவில் விடுதி நடத்தும் நம்மவர் சிலர் கரைப்பக்க மின்குமிழை இரவில் அணைத்துவிடுகிறார்கள். செலவில்லாத உதவி அது.

மூதூர்க் கடலின் பெருமீன்

வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்ததும் கிழக்குக் கடல் தணிகிறது. மூதூரிலிருக்கும் என் மச்சினன் மார்ச்சில் தொலைபேசி எடுப்பார்: "மச்சான், கடல் எண்ணெ மாதிரிக் கிடக்கு. ரெண்டு பெரியது ஊதிட்டுப் போச்சு." ஊதுவது திமிங்கிலம். திருகோணமலைக்கு அருகே கடலடிப் பள்ளத்தாக்கொன்று கரைக்கு மிக நெருங்கி வருவதால், வேறு நாடுகளில் நெடுந்தூரம் போய்ப் பார்க்க வேண்டிய ஆழ்கடல் உயிர்களை இங்கே கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே காணலாம். 1982 முதல் 1984 வரை 'டியூலிப்' என்ற ஆய்வுப் படகில் வந்த அறிஞர்கள் இக்கடலின் திமிங்கிலங்களை உலகுக்குக் காட்டினார்கள். தென்கரையில் மிரிஸ்ஸையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும், திருகோணமலையில் மார்ச் முதலும் பார்க்க வசதி.

மற்றைய கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் துருவக் குளிர்நீருக்கு இரைதேடிப் போய்த் திரும்புபவை. நமது வட இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன. இலங்கையின் கடலுயிர் ஆய்வாளர் அஷா டி வொஸ் இந்தத் தனித்தன்மையை உலக ஆய்வுலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். குருவிகள் போய்வர, பெருமீன் ஊரோடு இருக்கிறது. அதன் பெரிய ஆபத்து தெற்கே தெவிநுவர முனையை ஒட்டிப் போகும் கப்பற்பாதை. கப்பல் மோதி இறந்த உடல்கள் கரையொதுங்கியிருக்கின்றன. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சற்றுத் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது.

நம் வாசகருக்கு இன்னொரு திமிங்கிலம் பெயரளவில் பழக்கமானது. அத்தர்க் கடையில் 'அம்பர்' என்று கேட்கிறோமே, அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் பொருள். அது விழுங்கும் கணவாய்களின் கடினமான அலகுகள் குடலில் தங்கி, அவற்றைச் சுற்றி மெழுகு போலத் திரள்கிறது. வெளியேறிக் கடலில் நெடுநாள் மிதந்தபின் மணம் பெறுகிறது. 'அன்பர்' என்பது அந்தத் திமிங்கிலத்துக்கும் அரபு வழங்கும் பெயர். அபூ உபைதா (ரழி) அவர்களின் தலைமையில் சென்று பசியால் வாடிய 300 பேர் கொண்ட படைக்குக் கரையொதுங்கிய 'அன்பர்' என்னும் பெருமீன் பல நாள் உணவானதும், அதன் விலா எலும்பின் கீழால் ஒட்டகம் போனதும் ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியிருப்பதை உலமாக்கள் சொல்லக் கேட்டிருப்போம். 9ஆம் நூற்றாண்டு அரபு வணிகரின் பயணக் குறிப்புகளிலும் இக்கடற்பகுதியின் பெருமீன்களும் அம்பரும் பேசப்படுகின்றன. கொட்டியாரக் குடாவுக்கு வெளியே மூச்சு விடுவது அந்தக் குடும்பத்தது.

எழுதி வைப்போர் யார்?

மன்னாரில் 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கடற்காகத்தின் முதுகில் சிறு செய்மதிக் கருவியைப் பொருத்தினார்கள். 'மேகா' என்று பெயரிட்ட அப்பறவை ரஷ்யாவின் வடதுருவப் பகுதியிலுள்ள யமால் தீபகற்பம் வரை போய் மன்னாருக்கே திரும்பியது. போய்வந்த தூரம் 19,000 கிலோமீற்றருக்கும் மேல். மன்னாரில் காற்றாலைகளை எங்கே நிறுத்தலாம் என்ற வழக்கும் வாதமும் எழுந்தபோது இத்தகைய பதிவுகளே பேசின. பதிவு இல்லாத இடத்துக்காக வாதாட யாருக்கும் முடியாது. ஊவாவின் ஓர் ஓடை நாளை குழாய்க்குள் அடைக்கப்படும்போது, 'இங்கே இன்ன பறவை இத்தனை ஆண்டாக வந்தது' என்று சொல்லக் கையில் ஒரு தாளாவது வேண்டும்.

இது நமக்குப் புதிய வேலையல்ல. 9ஆம் நூற்றாண்டில் அல்ஜாஹிஸ் 'கிதாபுல் ஹயவான்' எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் அத்தமீரி 'ஹயாதுல் ஹயவான்' தொகுத்தார். நம் காலத்தில் 1896இல் பம்பாயில் பிறந்த ஸலீம் அலி, சிறுவயதில் தான் சுட்ட ஒரு தொண்டை மஞ்சளான சிட்டின் பெயரறியப் போய், இந்தியப் பறவையியலின் தந்தையானார். அவரும் டில்லன் ரிப்ளியும் எழுதிய 10 தொகுதிக் கைந்நூல் இலங்கைப் பறவைகளையும் உள்ளடக்கியது. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்து அல்அன்ஆம் அத்தியாயத்தில் வருவதை அறிவோம். ஒரு சமுதாயத்தை மதிப்பதன் முதற்படி அதன் பெயரைத் தெரிந்திருப்பது.

இலங்கையில் பறவைப் பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் அடுத்துச் சிங்களத்திலும் உள்ளன. தமிழில் மிகக் குறைவு. தோட்டத்து மூத்தவர்களின் வாயிலுள்ள பெயர்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார்கள். லயத்துக்குத் திரும்புவது தீபாவளிக்கு மட்டும். நம் வீட்டுப் பிள்ளைகளின் கதையும் இதிலிருந்து பெரிதாக வேறல்ல.

செய்யக்கூடியது மிகச் சிறிது. ஒரு பாடசாலை, ஓர் ஓடை, ஒரு கொப்பி போதும். பறவையை முதலில் கண்ட திகதி, கடைசியாகக் கண்ட திகதி, இடம், எண்ணிக்கை, ஊரார் சொல்லும் பெயர் ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் வாலாட்டும் விதத்தையும் எழுதலாம். 1976இல் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. இத்தகைய குறிப்புகளை அங்கே அனுப்பலாம். கைத்தொலைபேசி உள்ளவர் 'ஈபேர்ட்' செயலியில் போடலாம். உறவினர் பொத்துவிலிலோ மூதூரிலோ கல்முனையிலோ இருந்தால், அவர் கரைக் கணக்கையும் நீங்கள் மலைக் கணக்கையும் எழுதி ஆண்டுக்கொரு தடவை ஒப்பிடலாம். கெட்டப்போலோடு திரியும் பையனிடம் கொப்பியைக் கொடுத்துப் பாருங்கள். பறவை எங்கே இருக்கும் என்பது வகுப்பில் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். என்னிடம் உள்ள மிக ஒழுங்கான ஆறுமணிக் குருவிக் கணக்கு அப்படி ஒரு பையன் எழுதியது. நான்கு ஆண்டுக் கணக்கு அது. கடைசிச் சீட்டி கேட்ட திகதியை ஒவ்வோர் ஆண்டும் சிவப்பு மையால் எழுதியிருக்கிறான்.